அவுட்டா இல்லையான்னு அடிச்சுக்காம மேட்ச் முடிக்கறது எப்படி

சேலத்துல ஞாயித்துக்கிழமை காலைல எந்த கிரவுண்டு பக்கம் போனாலும் நாலு மேட்ச் ஒண்ணா நடக்கும், அதுல ஒண்ணாவது சண்டைல நின்னுட்டிருக்கும். சண்டை எதுக்குன்னு கேட்டா எப்பவும் அதே அஞ்சாறு விஷயந்தான். பால் போடறதுக்கு முன்னாடியே பவுலர் தன் பக்கம் நிக்கற நான்-ஸ்ட்ரைக்கர ரன் அவுட் பண்ணிட்டான், கேட்ச் தரைல பட்டுச்சு, எட்ஜ் வாங்கிட்டு நகராம நிக்கறான், பால் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு வெளிய வந்தவன கீப்பர் அடிச்சிட்டான். இதே சண்டையத்தான் டெஸ்ட் கிரிக்கெட் 1882லருந்து போட்டுட்டிருக்குது. அந்த வருஷம் ஓவல்ல ஆஸ்திரேலியாவோட சாமி ஜோன்ஸ், ரன் ஓடி முடிச்சிட்டு பிட்ச தட்டி சரி பண்ணலாம்னு கிரீஸ விட்டு வந்தாரு, டபிள்யூ.ஜி. கிரேஸ் பைல்ஸ தட்டிட்டாரு, கடுப்பான ஆஸ்திரேலியா பவுலர் ஸ்போஃபோர்த் அடுத்த இன்னிங்ஸ்ல இங்கிலாந்த சுருட்ட ஆஸ்திரேலியா 7 ரன்ல ஜெயிச்சுது, அதுலருந்துதான் இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடருக்கு ஆஷஸ்ங்கற பேரே வந்துது. அதனால டெஸ்ட்ல நடந்த கதைங்கள வச்சே நம்ம ஊர் மேட்ச்ச எப்படி சண்டை இல்லாம நடத்தலாம்னு எழுதறேன். கேப்டனா இருக்கறவங்க, அம்பயரா நிக்கறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல டீமுக்கு ஒரு விஷயம் புரியணும். சர்ச்சையாகற அவுட்டு ரெண்டு வகை. ஒரு வகை, கிரவுண்டுல இருக்கற எல்லாருக்கும் தெரியற மாதிரி நடக்கறது. நான்-ஸ்ட்ரைக்கர் வெளிய நின்னான், பவுலர் தட்டினான், எல்லாரும் பாத்தாங்க. இன்னொரு வகை, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் உண்மை தெரியறது. பால் விரலுக்கு மேல இருந்துச்சா புல்லு மேல பட்டுச்சான்னு புடிச்சவனுக்குத்தான் தெரியும், பேட்ல உரசுச்சா இல்லையான்னு அடிச்சவனுக்குத்தான் தெரியும். முதல் வகைல ரூல் என்ன சொல்லுதோ அதோட முடிஞ்சுது, ரூல்படி அவுட் பண்ணவன அழுகுணி ஆட்டம் ஆடறான்னு யாரும் சொல்லக்கூடாது. ரெண்டாவது வகைலதான் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்னு ஒண்ணு நெசமாவே வேணும், ஏன்னா அங்க பொய் சொன்னா புடிக்க ஆளே இல்ல. நம்ம ஆளுங்க இத தலைகீழா வச்சிருக்காங்க, நான்-ஸ்ட்ரைக்கர இப்படி ரன் அவுட் (இதுக்குத்தான் மன்கட்னு பேரு) பண்ணவன மாசக்கணக்குல திட்டறாங்க, தரைல பட்ட கேட்ச தூக்கிக் காமிச்சவன தோள்ல தூக்கி வைக்கறாங்க. இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

சரி, டாஸ்ல ஆரம்பிப்போம். காச சுண்டறதுக்கு முன்னாடி ரெண்டு கேப்டனும் அம்பயருங்களும் தனியா நின்னு பேசிருங்க. நான்-ஸ்ட்ரைக்கர் ரன் அவுட் உண்டா, வார்னிங் எதுவும் கிடையாதுங்கறத ரெண்டு பேரும் ஒத்துக்கறீங்களா, எல்.பி.டபிள்யூ. உண்டா (டென்னிஸ் பால் மேட்ச்ல பாதி எடத்துல கிடையாது), சந்தேகமான கேட்ச்சுக்கு யார் வார்த்தைய எடுத்துக்கறது, விக்கெட் விழுந்தா அடுத்த ஆளு எத்தன நிமிஷத்துல வரணும். இத்தனையும் பேசி முடிக்க அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. பேசாம விட்டா பதினெட்டாவது ஓவர்ல அரை மணி நேரம் பேச வேண்டி வரும், அப்ப கைல ஸ்டம்ப்பும் இருக்கும்.

மன்கட் விஷயத்துக்கு வருவோம், நம்ம பக்கம் அதிகமா சூடாகறது இதுலதான். 1947 டிசம்பர்ல சிட்னி டெஸ்ட்ல வினு மன்கட் பில் பிரவுன நான்-ஸ்ட்ரைக்கர் பக்கம் ரன் அவுட் பண்ணாரு. அதுக்கு முன்னாடி ஒரு டூர் மேட்ச்ல வார்னிங் குடுத்து அப்புறம் இதே பிரவுன இதே மாதிரி அவுட் பண்ணியும் இருந்தாரு, அப்படியும் மனுஷன் வெளிய போய்ட்டுதான் இருந்தாரு. ஆஸ்திரேலிய பத்திரிகைக்காரங்க மன்கட திட்டினாங்க, ஆனா எதிர் டீம் கேப்டன் பிராட்மேனே மன்கட் பண்ணதுல தப்பே இல்லன்னாரு. நான்-ஸ்ட்ரைக்கர் ரெண்டடி முன்னாடி கெளம்பறான்னா அவன் ரெண்டடி திருடறான், இதுல புடிச்சவன் மேல குத்தம் சொல்றது என்ன நியாயம்? கிரிக்கெட் ரூல எழுதற லண்டன் கிளப்பான எம்.சி.சி.யும் 2022ல இந்த ரூல 'முறையற்ற ஆட்டம்'ங்கற பகுதிலருந்து எடுத்து சாதாரண ரன் அவுட் பகுதில போட்டுட்டாங்க. வார்னிங் குடுக்கணும்னு ரூல்ல எங்கயும் இல்ல.

ஆனா பவுலருங்க இதுல ஒண்ண கவனமா கத்துக்கணும். உங்க கை வழக்கமா பால விடற ஆக்‌ஷன்ல உச்சிக்கு போறதுக்குள்ள தட்டிருக்கணும். கை மேல போய் கீழ வந்ததுக்கு அப்புறம் திரும்பி ஸ்டம்ப தட்டினா நாட் அவுட், அப்ப நான்-ஸ்ட்ரைக்கர் எத்தன அடி வெளிய இருந்தாலும் சரி. பவுலிங் போடற மாதிரி கைய சுத்திக் காமிச்சு அவன வெளிய இழுத்து தட்டறதுக்கு இந்த ரூல் இடம் குடுக்கல. நான்-ஸ்ட்ரைக்கருக்கு அத விட சுலபம், பவுலர் கைலருந்து பால் போறத கண்ணால பாத்துட்டு கெளம்பு, அவ்ளோதான். அஷ்வின் 2012ல பிரிஸ்பேன் ஒன்டே மேட்ச்ல திரிமன்னேவ இப்படி புடிச்சாரு, கேப்டனா இருந்த சேவாக் அப்பீல வாபஸ் வாங்கிட்டாரு. 2019 ஐ.பி.எல்.ல பட்லர புடிச்சப்ப கேப்டனே அஷ்வின்தான், வாபஸ் வாங்கல, உலகமே சேந்து திட்டியும் சொன்னத மாத்திக்கல. நம்ம ஊர் பையன் ஒருத்தன் ரூல் புக்க கைல வச்சிட்டு அப்படி நின்னது எனக்கு இன்னிக்கும் பெருமைதான்.

அடுத்து, பால் டெட்டா (அந்த பாலோட ஆட்டம் முடிஞ்சிருச்சா) இல்லையாங்கற சண்டை. 2023 லார்ட்ஸ் டெஸ்ட்ல கேமரூன் கிரீன் போட்ட பவுன்சர பேர்ஸ்டோ குனிஞ்சு விட்டாரு, கால கிரீஸ்ல ஒரு தேய்ப்பு தேய்ச்சிட்டு தன் பாட்டுக்கு முன்னாடி நடந்தாரு, பால புடிச்ச அலெக்ஸ் கேரி ஒரு நொடி கூட வச்சிக்காம ஸ்டம்ப் மேல எறிஞ்சிட்டாரு. ஸ்டம்பிங், அவுட். பெவிலியன் உள்ள இருக்கற லாங் ரூம்ல எம்.சி.சி. மெம்பருங்க ஆஸ்திரேலியா பிளேயருங்கள மறிச்சு கத்தினாங்க, சில மெம்பருங்கள சஸ்பெண்ட் பண்ற வரைக்கும் போச்சு. ரூல் என்ன சொல்லுதுன்னா, பால் கீப்பர் கைல கடைசியா தங்கிருச்சான்னு முடிவு பண்றது அம்பயர் மட்டுந்தான், பேட்ஸ்மேன் இல்ல. கேரி புடிச்ச கையோட எறிஞ்சாரு, அதனால தங்கலன்னு ஆயிருச்சு. அதே மேட்ச்ல பேர்ஸ்டோ கீப்பரா நின்னப்ப லபுஷேன் மேல இதே வேலைய செஞ்சு பாத்தவர்தான். ஆஸ்திரேலியா கேப்டன் கம்மின்ஸ் அப்பீல வாபஸ் வாங்காதது சரின்னுதான் நான் சொல்வேன்.

இதுல நம்ம பசங்க பழகிக்க வேண்டியது ரொம்ப சின்ன விஷயம். பால் விட்டதுக்கு அப்புறம் கீப்பர திரும்பிப் பாரு, அம்பயர பாரு, அப்புறம் பிட்ச தட்டப் போ. கூடவே இன்னொண்ணு, பால கைல எடுத்து ஃபீல்டர்ட்ட குடுக்கற பழக்கம் இருந்தா விட்ருங்க. ஃபீல்டிங் பண்றவங்க சம்மதம் இல்லாம பால தொட்டு குடுத்தா ரூல்படி அப்பீல் பண்ணலாம், ஃபீல்டிங்குக்கு இடைஞ்சல் பண்ணதா அவுட் குடுக்கலாம். சேப்பாக்கத்துல 2001ல ஹர்பஜன் பால் ஸ்டம்ப் பக்கம் சுழன்று போறத பாத்துட்டு ஸ்டீவ் வா கையால தள்ளி விட்டு அவுட் ஆனாரு, 3 விக்கெட்டுக்கு 340ன்னு இருந்த ஆஸ்திரேலியா 391ல முடிஞ்சுது. 2023 டிசம்பர்ல மிர்பூர்ல முஷ்ஃபிகுர் ரஹீமும் தேவையே இல்லாம கைய நீட்டி அதே மாதிரி போனாரு.

டைம்டு அவுட்டு, அதாவது அடுத்த பேட்ஸ்மேன் நேரத்துக்கு வராம அவுட் ஆகறது, பத்தி சுருக்கமா. அடிப்படை ரூல்ல 3 நிமிஷம், டெஸ்ட்லயும் அதான், டெஸ்ட்ல இதுவரைக்கும் யாரும் இப்படி அவுட் ஆனதில்ல. ஆகியிருக்க வேண்டிய ஆளு கங்குலி, 2007 கேப் டவுன்ல அவரு உள்ள வர்றதுக்கு ஆறு நிமிஷம் ஆச்சு, ஏன்னா டெண்டுல்கர் ஃபீல்டிங்ல வெளிய இருந்ததால அப்ப எறங்க முடியாத நெலம, அது கடைசி நேரத்துலதான் தெரிஞ்சுது. எதிர் டீம் கேப்டன் கிரேம் ஸ்மித் அப்பீல் பண்ணல. உள்ளூர் மேட்ச்ல ஒரே பேடு, ஒரே ஹெல்மெட்ட நாலு பேர் மாத்தி மாத்தி போடறோம், அதனால 5 நிமிஷம்னு டாஸ்லயே பேசிக்கங்க. எந்த நேரமும் பேசி வைக்காம இருந்துட்டு திடீர்னு வாட்ச்ச பாத்து அப்பீல் பண்றது வேண்டாம்.

இப்ப ரெண்டாவது வகை. இங்கதான் நான் நெறய சொல்லணும்.

கேட்ச் ரூல் இதுதான்: பாலும் உங்க ஒடம்பும் ரெண்டும் உங்க கட்டுப்பாட்டுக்குள்ள வர்ற வரைக்கும் பால் தரைல படக்கூடாது. விரல் தரைல படலாம், விரலுக்கு மேல பால் இருக்கணும். அதே லார்ட்ஸ் டெஸ்ட்ல, பேர்ஸ்டோ சண்டைக்கு முந்தின நாள், ஸ்டார்க் ஃபைன் லெக்ல ஓடி வந்து டக்கெட் கேட்ச்ச புடிச்சாரு, புடிச்சதெல்லாம் சுத்தம், ஆனா சறுக்கி நிக்கறதுக்குள்ள பால் புல்லுல தேய்ஞ்சிருச்சு, நாட் அவுட். ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு செம கோவம், ஆனா ரூல் அதான். உங்க ஃபீல்டருங்களுக்கு இத ஒரு தடவ பிராக்டிஸ்ல டைவ் அடிக்க வச்சு காமிச்சிருங்க, பாதி பேரு பால் கைக்கு வந்தாலே கேட்ச்சுன்னு நெனச்சிட்டிருக்காங்க, அவங்க பொய் சொல்லல, ரூல் தெரியல.

தெரிஞ்சே சொல்றவங்களத்தான் நிறுத்தணும். டெஸ்ட்ல எத்தன கேமரா வச்சாலும் புல்லுக்கும் விரலுக்கும் நடுவுல இருக்கறத சரியா காட்ட மாட்டேங்குது. 2023 டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல கிரீன் புடிச்ச கில் கேட்ச்ச ஒவ்வொரு ஃபிரேமா பாத்தும் இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்காதவங்க இருக்காங்க. கேமரா இருக்கற எடத்துலயே இந்த நெலம. ஏற்காட்டு மேல மேட்ச் ஆடினவங்களுக்கு தெரியும், மத்தியானம் திடீர்னு மூடுபனி எறங்கிருச்சுன்னா டீப் மிட்விக்கெட்ல நிக்கறவன் வெறும் நிழலாத்தான் தெரிவான். அவன் கைய தூக்கினா அவுட், தூக்கலன்னா இல்ல, நடுவுல வேற சாட்சியே கிடையாது. அந்த எடத்துல அவன் சொல்ற ஒரு வார்த்தைலதான் மொத்த மேட்ச்சும் நிக்குது. அதனால கேப்டன் மேட்ச்சுக்கு முன்னாடி டீம கூப்பிட்டு சொல்ல வேண்டியது இது: தரைல பட்டா நீயே முதல்ல கைய ஆட்டி இல்லன்னு சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, தெரியலன்னா அது நாட் அவுட், நீ அப்படி சொன்னதுக்காக இந்த டீம்ல ஒருத்தன் உன்ன ஒரு வார்த்தை கேக்க மாட்டான். அந்த கடைசி வரிய கேப்டன் சத்தமா எல்லாரு முன்னாடியும் சொல்லணும், ஏன்னா சின்னப் பசங்க பொய் சொல்றது பேராசைல இல்ல, சீனியர் அண்ணனுங்க திட்டுவாங்கங்கற பயத்துல.

ஃபீல்டர் வார்த்தைய நம்பறதுன்னு பேசி வச்சாலும் நம்பிக்கை இல்லன்னா அது நிக்காது. 2008 சிட்னி டெஸ்ட் அதுக்கு சாட்சி. ஆஸ்திரேலியா கேப்டன் பாண்டிங்கும் இந்தியா கேப்டன் கும்ப்ளேவும் அந்த மாதிரிதான் பேசி வச்சிருந்தாங்க, கடைசி நாள் கங்குலி கேட்ச்ச கிளார்க் புடிச்சேன்னாரு, அம்பயர் பென்சன் பாண்டிங்க கேக்க பாண்டிங் விரல தூக்கினாரு, கங்குலி போக வேண்டியதாச்சு. அதுக்கு முன்னாடியே அதே மேட்ச்ல ஆஸ்திரேலியாவோட சைமண்ட்ஸ் முப்பது ரன் கிட்ட கீப்பர்ட்ட எட்ஜ் குடுத்துட்டு நின்னு 162 அடிச்சிருந்தாரு, அப்புறம் நம்பிக்கை எங்கருந்து வரும்? ஒரு டீம் எட்ஜுக்கு நிப்போம், ஆனா கேட்ச்சுக்கு எங்க வார்த்தைய நம்புன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

அதனால எட்ஜ் வாங்கினா அம்பயருக்கு காத்திருக்காம தானா நடந்து வெளிய போறதையும் இதோட சேத்துத்தான் பாக்கணும். 2013 டிரெண்ட் பிரிட்ஜ்ல ஸ்டூவர்ட் பிராட் ஆஷ்டன் ஏகர் பால்ல எட்ஜ், கீப்பர் கிளவுஸ்ல பட்டு ஸ்லிப்ல கிளார்க் புடிச்சாரு, அம்பயர் அலீம் தார் அவுட் குடுக்கல, ஆஸ்திரேலியாட்ட ரிவ்யூ மிச்சம் இல்ல, பிராட் நின்னாரு, இங்கிலாந்து 14 ரன்ல ஜெயிச்சுது. டெஸ்ட்ல நியூட்ரல் அம்பயர், டி.ஆர்.எஸ். (கேமரா வச்சு தீர்ப்ப மறுபடி பாக்கறது) எல்லாம் இருக்கு, நின்னவர பெருசா குத்தம் சொல்ல முடியாதுன்னு வாதம் பண்ணலாம், ரூல்லயும் அம்பயர் குடுக்கற வரைக்கும் நிக்கலாம். ஆனா நம்ம மேட்ச்ல அம்பயரா நிக்கறது யாரு? பேட்டிங் டீம்ல அடுத்து எறங்க வேண்டிய பையன், சொந்த டீம் ஓப்பனருக்கு எதுரா விரல தூக்க அவனுக்கு எத்தன தைரியம் வேணும், அதுவும் ஓப்பனர் அவன விட பத்து வயசு பெரிய அண்ணன்னா? அப்படிப்பட்ட எடத்துல எட்ஜ் வாங்கினது தெரிஞ்சும் நிக்கறது அந்த சின்னப் பையன் தலைல பொய்ய ஏத்தி வைக்கறது. அதனால என் தீர்ப்பு இது: சொந்த டீம் ஆளு அம்பயரா நிக்கற மேட்ச்ல எட்ஜ் தெரிஞ்சா நடக்கணும். எல்.பி.டபிள்யூ.க்கு வேணாம், அது யாருக்கும் உறுதியா தெரியாது.

அம்பயரா நிக்கற பசங்களுக்கு ரெண்டு வார்த்தை. யாரும் அப்பீல் பண்ணலன்னா அவுட் குடுக்காத. அடுத்த பாலுக்கு பவுலர் ஓட ஆரம்பிச்சிட்டா முந்தின பாலுக்கு அப்பீல் செல்லாது. அவுட் இல்லாமயே அவுட்டுன்னு நெனச்சு பேட்ஸ்மேன் நடந்து போனா நீதான் டெட் பால்னு சொல்லி கூப்பிடணும், அது உன் வேலை. சந்தேகம்னா நாட் அவுட், குடுத்துட்டா அதோட முடிஞ்சுது. 1986 செப்டம்பர்ல சேப்பாக்கத்துல, ஜெயிக்க ஒரு ரன்னு, கைல ஒரே விக்கெட்டுன்னு இருக்கறப்ப கடைசி ஓவரோட அஞ்சாவது பால்ல மணிந்தர் சிங்குக்கு அம்பயர் விக்ரம் ராஜு எல்.பி.டபிள்யூ. குடுத்தாரு, டெஸ்ட் டை ஆச்சு. பேட்ல பட்டுச்சுன்னு மணிந்தர் அப்பலருந்து சொல்லிட்டுதான் இருக்காரு. ஆனா ஸ்கோர்போர்டு மாறல, 347தான்.

கேப்டன் அப்பீல வாபஸ் வாங்கறது எப்ப? அம்பயர் சம்மதத்தோட, அடுத்த பால் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வாங்கலாம்னு ரூல் இடம் குடுக்குது. எப்ப வாங்கணும்ங்கறதுக்கு என்கிட்ட ரெண்டு கேள்வி இருக்கு. அவுட் ஆனவன் அதுல ஏதாவது லாபம் பாக்க போனானா? அவன் குழம்பினதுக்கு நம்ம ஆளுங்க காரணமா? முதல் கேள்விக்கு இல்ல, ரெண்டாவதுக்கு ஆமான்னா கண்ண மூடிட்டு வாபஸ் வாங்குங்க. 2011 டிரெண்ட் பிரிட்ஜ்ல டீக்கு முந்தின கடைசி பால், மார்கன் அடிச்சது பவுண்டரிகிட்ட போச்சு, பிரவீன் குமார் பவுண்டரி போயிருச்சுங்கற மாதிரி சாவகாசமா எடுத்து எறிஞ்சாரு, 137ல இருந்த இயன் பெல் டீன்னு நெனச்சு பெவிலியன் பக்கம் நடந்துட்டாரு, பைல்ஸ எடுத்து ரன் அவுட். டீ டைம்ல தோனி வாபஸ் வாங்கினாரு. ரெண்டு கேள்விக்கும் பதில் சரியா பொருந்துது, அதனால அது பெருந்தன்மை மட்டும் இல்ல, நியாயமும் கூட. 1974ல போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல நாளோட கடைசி பால் முடிஞ்சு பெவிலியன் பக்கம் திரும்பின காளிச்சரண டோனி கிரெய்க் ரன் அவுட் பண்ணாரு, அன்னிக்கு ராத்திரிக்குள்ள பேசி அப்பீல எடுத்துட்டாங்க, மறுநாள் காளிச்சரண் திரும்ப ஆடினாரு.

அப்புறம் 2006 கிறைஸ்ட்சர்ச். சங்கக்காராவுக்கு செஞ்சுரி ஆச்சுன்னு கட்டிப் புடிக்க போன முரளிதரன நியூசிலாந்து கீப்பர் மெக்கல்லம் ரன் அவுட் பண்ணாரு. ரூல்படி அவுட்டுதான், ஆனா முரளி அங்க என்ன திருடினாரு? பத்து வருஷம் கழிச்சு மெக்கல்லமே மேடைல நின்னு அதுக்காக மன்னிப்பு கேட்டாரு. மேல சொன்ன ஸ்மித் மாதிரி அப்பீலே பண்ணாம விட்டிருக்கலாம்.

விஸ்வநாத் கதைய விட மனசு வரல. 1980 பம்பாய் டெஸ்ட், இங்கிலாந்து 5 விக்கெட் போய் தடுமாறிட்டிருக்கறப்ப பாப் டெய்லருக்கு கேட்ச்சுன்னு அம்பயர் குடுத்துட்டாரு, ஸ்லிப்ல நின்ன விஸ்வநாத்துக்கு எட்ஜே இல்லன்னு தெரிஞ்சுது, அம்பயர்ட்ட போய் சொல்லி டெய்லர திரும்ப கூப்பிட்டாரு. டெய்லரும் போத்தமும் நின்னு ஆடி இங்கிலாந்து 10 விக்கெட்ல ஜெயிச்சுது. விஸ்வநாத் கேப்டனா இருந்ததே ரெண்டு டெஸ்ட்தான், அதுல ஒண்ண இப்படி விட்டுக் குடுத்தாரு. தோத்ததுக்காக அத தப்புன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அப்படி தோணவே இல்ல. அவருக்கு மட்டும் தெரிஞ்ச உண்மைய அவரு சொன்னாரு.

தீர்ப்பு பிடிக்கலன்னா என்ன பண்றது? பேட்ட ஒரு தடவ பாத்துட்டு நடந்து வந்துரு. 1981 மெல்போர்ன்ல 70ல இருந்த கவாஸ்கருக்கு லில்லி பால்ல எல்.பி.டபிள்யூ. குடுத்தாங்க, பேட்ல பட்டுச்சுன்னு கோவத்துல சேத்தன் சவுகானையும் சேத்து வெளிய இழுத்துட்டு வந்தாரு. பவுண்டரிகிட்ட மேனேஜர் துரானி சவுகான திருப்பி உள்ள அனுப்பினாரு. அனுப்பலன்னா அந்த டெஸ்ட் அங்கயே போயிருக்கும், அனுப்பினதால ஆஸ்திரேலியாவ 83ல சுருட்டி இந்தியா ஜெயிச்சுது. உங்க டீம்லயும் அந்த மேனேஜர் மாதிரி ஒருத்தர முன்னாடியே சொல்லி வைங்க, கொஞ்சம் வயசான, எல்லாரும் மதிக்கற ஆளு. கேப்டன் கோவத்துல டீம கூட்டிட்டு கெளம்பினா மறிச்சு உள்ள அனுப்ப வேண்டியது அவரு பொறுப்பு.

சின்னப்பம்பட்டில டென்னிஸ் பால் ஆடிட்டிருந்த நடராஜன் 2021 ஜனவரில பிரிஸ்பேன் காபா கிரவுண்டுல டெஸ்ட் தொப்பி போட்டாரு, வாழப்பாடில டி.என்.பி.எல். மேட்ச் நடத்தற அளவுக்கு கிரவுண்டு இருக்குது. நம்ம பசங்க மேல போக வழி இருக்கு, அதனால இந்த ரூலெல்லாம் இப்பவே பழகினா அங்க போய் முழிக்க வேணாம்.

கடைசியா ஸ்கோரருக்கு. பவுலர் நான்-ஸ்ட்ரைக்கர தட்டினா அது ரன் அவுட், பவுலர் கணக்குல விக்கெட் ஏறாது, பாலே போடாததால ஓவர்லயும் அந்த பால எண்ணாதீங்க. பேர்ஸ்டோ மாதிரி ரன் ஓடாம வெளிய நின்னவன கீப்பர் தனியா அடிச்சா ஸ்டம்பிங், அது பவுலருக்கு போகும். டைம்டு அவுட்டும் ஃபீல்டிங்க தடுத்ததும் பவுலருக்கு போகாது. வாபஸ் வாங்கின அப்பீல்ல விக்கெட்ட அடிச்சிட்டு பக்கத்துல எந்த ஓவர், எத்தனாவது பால், வாபஸ் வாங்கின கேப்டன் யாருன்னு எழுதி, ரெண்டு அம்பயர்ட்டயும் அப்பவே கையெழுத்து வாங்கிக்கங்க.